வால்வு மாத்திரை சாப்பிடுகிறேன், மார்பில் சதை எடுத்துப் பார்க்கலாமா?

தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலிருந்து இந்த வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வயது 46. வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மாமியாரும் உடன் இருக்கிறார். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இவருடைய இதயத்தின் மைட்ரல் வால்வு கெட்டுப்போய், 9 ஆண்டுகளுக்கு முன் மதுரையில் உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து தினமும் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று பார்க்க மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை.

சில மாதங்களுக்கு முன் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. வலிக்கவில்லை, குடும்பத்திலும் யாருக்கும் புற்றுநோய் இல்லை என்று விட்டுவிட்டார். பிறகு ஒருநாள் மனசு கேட்காமல் போய் மேமோகிராம், ஸ்கேன் இரண்டும் எடுத்தார். ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 4ஏ' என்று வந்தது. டாக்டர் ட்ரூகட் பயாப்சி, அதாவது ஊசி வழியாகச் சின்னச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை, எழுதித் தேதியும் கொடுத்தார். அந்தத் தேதிக்கு இவர் போகவில்லை.

“4 என்றால் நாலாவது ஸ்டேஜ்தானே டாக்டர்? கட்டியில் ஊசி பட்டால் பரவிடும் என்று அத்தை சொல்கிறார். எங்க சித்தி இப்படித்தான் சதை எடுத்துப் பார்த்து ஐந்தே மாதத்தில் போய்விட்டார். மொத்தமாக எடுத்துவிடு, பணம் அனுப்புகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியிலும் எடுத்துவிட்டே டெஸ்ட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். பக்கத்து ஊர் வைத்தியர் பற்றும் சூரணமும் தருகிறார், கரைந்துவிடுமாம். எதைச் செய்தாலும் ஐந்து நாள் முன்னாடியே அசிட்ரோமை நிறுத்திவிடுகிறேன். பல் பிடுங்கும்போதும் அப்படித்தான் நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை” என்று முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குப் பெரிய பதற்றம் வரவில்லை. கடைசி வரிக்கு வந்தபோதுதான் வந்தது. அதனால் அதை முதலில் பேசிவிடுவோம்.

அசிட்ரோமை நீங்களாக நிறுத்தாதீர்கள்

உலோக வால்வில் ரத்தம் உறைந்து படியாமல் காப்பது அந்த மாத்திரைதான். நிறுத்திய சில நாட்களிலேயே ரத்தம் பழையபடி உறையத் தொடங்கிவிடும். உறைகட்டி படிந்தால் வால்வு அசையாமல் சிக்கிக்கொள்ளலாம். அதிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடலாம். மைட்ரல் இடத்தில் வைத்த வால்வுக்கு இந்த ஆபத்து மற்ற இடத்தைவிட அதிகம். அதனால்தான் உங்கள் ஐ.என்.ஆர். பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பார்கள். பல் பிடுங்கியபோது ஒன்றும் ஆகவில்லை என்றால், அன்றைக்குத் தப்பித்தீர்கள், அவ்வளவுதான். இப்போதெல்லாம் பல் பிடுங்குவதற்கும் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், மார்பில் ஊசி வழியாகச் சதை எடுக்க, ஐ.என்.ஆர். கட்டுக்குள் இருந்தால், பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே செய்யலாம். மார்பில் ரத்தம் கசிந்தாலும் மேலிருந்து கையால் அழுத்தியே நிறுத்திவிட முடியும். மற்றவர்களைவிட உங்களுக்கு ரத்தக்கட்டு கொஞ்சம் பெரிதாக வரலாம். அதைச் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த முடிவு உங்கள் இதய மருத்துவரும், சதை எடுக்கப்போகும் ஸ்கேன் டாக்டரும் பேசி எடுக்க வேண்டியது. நானும் இங்கிருந்து சொல்லக் கூடாது, நீங்களும் வீட்டிலிருந்து எடுக்கக் கூடாது. ஐ.என்.ஆர். நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். சதை எடுப்பதற்கு முதல் நாளோ அன்று காலையோ ஒருமுறை அளவு பார்த்துவிடச் சொல்வார்கள்.

இன்னொன்று. பயாப்சி எழுதிய டாக்டரிடம் வால்வு விஷயத்தைச் சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மார்புக் கட்டிக்காகப் போகிறவர்கள் இதயத்தைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஓ.பி. சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் 'அசிட்ரோம்' என்ற சொல் இல்லை என்றால் அடுத்த முறை போகும்போது எழுதச் சொல்லி வாங்குங்கள். கூடவே ஈகோஸ்பிரின் (ஆஸ்பிரின்) போன்ற மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டபோது முன்பு உடம்பு தடித்தது, மயக்கம் வந்தது என்று ஏதாவது நடந்திருந்தால் அதுவும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

4ஏ என்பது நாலாவது ஸ்டேஜ் அல்ல

பைராட்ஸ் என்பது மார்பின் படங்களைப் பார்த்து ஸ்கேன் டாக்டர் போடும் சந்தேக அளவு. 0 முதல் 6 வரை போகும். புற்றுநோய் என்று உறுதியான பிறகு, அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சொல்வதுதான் ஸ்டேஜ். உங்களுக்கு நோய் இருக்கிறதா என்றே இன்னும் தெரியாது. தெரியாத நோய்க்கு ஸ்டேஜ் ஏது?

4ஏ என்றால் 'சந்தேகம் குறைவு, ஆனாலும் சதை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது' என்று அர்த்தம். இந்த வகையில் புற்றுநோய் இருக்க வாய்ப்பு 2 முதல் 10 சதவீதம். உங்களைப் போல் 4ஏ வந்த 100 பெண்களில் 90 பேருக்கு மேல் அது சாதாரணக் கட்டியாகவே முடியும். இதை வைத்து 'அப்போ விட்டுவிடலாம்' என்று நினைத்துவிடாதீர்கள். மிச்சமுள்ள சிலரில் நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்பதைப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வலி இல்லாததும் ஒரு ஆறுதல் அல்ல, மார்புப் புற்றுநோய்க் கட்டிகள் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதும் அப்படித்தான். இந்த நோய் வரும் பெண்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்கும் வந்திருக்காது.

அது சரி, சித்தி என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா? அவருக்கு வந்தது மார்புப் புற்றுநோயா? அம்மாவின் தங்கை என்றால் 'குடும்பத்தில் யாருக்கும் இல்லை' என்ற கணக்கு மாறுகிறது. எந்த வயதில் வந்தது என்பதோடு சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

அவர் இறந்ததற்குச் சதை எடுத்ததுதான் காரணம் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. எங்கள் ஓ.பி.யில் வாரம் தவறாமல் கேட்கிற பேச்சு இது. 'காற்று பட்டால் பரவும், கத்தி பட்டால் பரவும்' என்று பயந்தே நம் பெண்கள் கட்டி பழுத்து உடையும்வரை வீட்டில் வைத்திருந்துவிட்டு வருகிறார்கள். அந்த நிலையில் சதை எடுத்தால், ஏற்கெனவே நுரையீரலுக்கும் எலும்புக்கும் போய்விட்ட நோய்க்கு அன்றைக்குத்தான் பெயர் கிடைக்கிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம் ஊசியின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. ஊசி போகும் வழியில் ஒன்றிரண்டு செல்கள் இடம் மாறலாம் என்பது உண்மை. அவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. நோய் என்று தெரிந்தால் செய்யும் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் அந்த இடத்தையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். ஊசி மூலம் சதை எடுத்ததால் ஆயுள் குறைந்தது என்று இத்தனை ஆண்டு அனுபவத்தில் தெரியவரவில்லை. உலகம் முழுக்க மார்புக் கட்டிக்கு முதலில் செய்வது இதைத்தான்.

மொத்தமாக எடுத்துவிட்டால் என்ன?

உங்கள் வீட்டுக்காரர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் இது உங்கள் விஷயத்தில் மிகச் சரியில்லாத வழி. மயக்க மருந்து கொடுத்துக் கட்டியை எடுப்பது என்றால் அசிட்ரோமை நிறுத்தி, அதற்குப் பதிலாக ஹெப்பாரின் ஊசி போட்டு, பிறகு மறுபடி அசிட்ரோமுக்கு மாற வேண்டியிருக்கலாம். வால்வு உள்ளவருக்கு அது சின்ன வேலை அல்ல. 90 சதவீதத்துக்கு மேல் ஒன்றும் இல்லாமல் போகக்கூடிய கட்டிக்காக அவ்வளவு பெரிய ஆபத்தை எதற்கு வலிய வாங்க வேண்டும்?

ஒருவேளை நோய் என்றே வந்தாலும், முதலில் ஊசியில் தெரிந்துகொண்டால்தான் சிகிச்சையைச் சரியாகத் திட்டமிட முடியும். எந்த வகை, ஹார்மோன் மாத்திரைக்குக் கேட்குமா, முதலில் மருந்தா அறுவை சிகிச்சையா, மார்பைக் காப்பாற்ற முடியுமா, அக்குளில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்ய அந்தச் சின்னச் சதைத் துணுக்கு உதவும். தெரியாமல் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால், ஓரத்தில் நோய் மிச்சமிருக்கிறது என்று சொல்லி இரண்டாவது முறை மேஜையில் ஏற்ற வேண்டிவரும். சதை எடுக்க வசதி இருக்கும் இடத்தில் நேராகக் கத்தியை எடுக்கச் சொல்லும் ஆஸ்பத்திரியிடம், 'ட்ரூகட் ஏன் முதலில் செய்யவில்லை?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பதிலிலேயே உங்களுக்குப் பாதி தெரிந்துவிடும். ஸ்கேனில் தெரியாத கட்டி, ஊசிக்கு எட்டாத இடம் என்று சில நியாயமான காரணங்கள் உண்டுதான். உங்கள் ரிப்போர்ட்டில் கட்டி ஸ்கேனிலேயே தெளிவாகத் தெரிகிறது.

வைத்தியரின் பற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோல் வெந்துபோனால் அடுத்த ஸ்கேனும் குழப்பமாகும், நாளும் போகும். சூரணம்தான் எனக்குக் கூடுதல் கவலை. அசிட்ரோம் சாப்பிடுகிறவர் என்ன சேர்ந்தது என்று தெரியாத எந்த மருந்தையும் வாயில் போடக் கூடாது. ஐ.என்.ஆர். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

கையெழுத்து விஷயம். ஒப்புதல் படிவத்தில் நீங்கள் போட்டால் போதும். கணவர் ஊரில் இல்லை, மாமியார் சம்மதிக்கவில்லை என்பதெல்லாம் சட்டப்படி தடை அல்ல. கையெழுத்துப் போடும் முன் எதற்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று படித்துப் பாருங்கள், அல்லது மகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதலை வைத்துக்கொண்டு உறுப்பை எடுக்கும் அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்றும், சுய நினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்குப் பதிலாக உறவினர் சம்மதம் செல்லாது என்றும் உச்ச நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது. சதை எடுப்பவர் ஆண் டாக்டராக இருந்தால் ஒரு பெண் ஊழியர் கூட இருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

செலவுக்குக் கவலைப்பட வேண்டாம். உங்களுக்குப் பக்கத்திலேயே தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எங்கே செய்தாலும் இதய மருத்துவரும் ஸ்கேன் டாக்டரும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள். உங்களுக்கு அது முக்கியம்.

அன்றைக்கும், அதற்குப் பிறகும்

வெறும் வயிற்றில் போகாதீர்கள். இட்லியோ சாதமோ சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மயக்க மருந்து கிடையாது, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அன்று பவுடர், சென்ட் வேண்டாம். முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், தைப்பவருக்கு நான் சொல்லவா வேண்டும்! தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். ஸ்கேன் பார்த்துச் செய்யும்போது தேவையில்லை, முதுகுப் பக்கம் தள்ளிவிட்டால் போதும். மாதவிடாய் நாளாக இருந்தாலும் தள்ளிப்போட வேண்டியதில்லை. துணைக்கு ஒருவர் வரட்டும்.

மல்லாக்கப் படுக்கவைத்து இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்வார்கள். அரை மணி நேரம் அப்படியே இருப்பதால் தோள்தான் அதிகம் வலிக்கும், ஒரு தலையணை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மரத்துப்போகும் ஊசி சில நொடி சுரீர் என்று எரியும். அதன் பிறகு வலி இருக்கக் கூடாது, அழுத்தம் மட்டும்தான் தெரிய வேண்டும். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். தோலில் சில மில்லிமீட்டர் கீறி, அதன் வழியாக ஊசியை விட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். முதல் முறை எல்லோரும் துள்ளிவிடுவார்கள், அதனால் சத்தத்தை முன்கூட்டியே ஒருமுறை கேட்கவைக்கச் சொல்லுங்கள். நாலைந்து முறை எடுப்பார்கள். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய இழையாக வரும், ஃபார்மலின் பாட்டிலில் போடுவார்கள். அது மூழ்குகிறதா மிதக்கிறதா என்று எட்டிப் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கொழுப்பு மிதக்கும், கட்டியின் சதை மூழ்கும். சாதாரணக் கட்டியும் மூழ்கத்தான் செய்யும்.

எடுத்து முடித்ததும் அந்த இடத்தை விடாமல் அழுத்திப் பிடிப்பார்கள். உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம், 15, 20 நிமிடமாவது பிடிக்க வேண்டும். நர்ஸ் அவசரத்தில் பிளாஸ்திரி போட்டு அனுப்பப் பார்த்தால், 'நான் அசிட்ரோம் சாப்பிடுகிறேன், இன்னும் கொஞ்ச நேரம் பிடியுங்கள்' என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாளைக்கு, இரவிலும் சேர்த்து, இறுக்கமான உள்ளாடை போட்டிருங்கள். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி 10, 15 நிமிடம் என்று அன்று நாலைந்து முறை வைக்கலாம். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். வெந்நீர் ஒத்தடம், உப்பு ஒத்தடம், மஞ்சள் பற்று எதுவும் கூடாது. சூடு பட்டால் கசிவு கூடும். 24 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். மேலே ஒட்டிய சின்ன ஸ்ட்ரிப் தானாக விழட்டும்.

வலிக்கு பாராசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவில், ஒன்றிரண்டு நாள். மெடிக்கல் ஷாப்பில் 'வலி மாத்திரை கொடுங்க' என்று கேட்டால் டைக்ளோஃபினாக்கோ இபுப்ரோஃபெனோ கையில் வந்து சேரும். அசிட்ரோமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தப்போக்கு வரைக்கும் போகலாம். சீழ் பிடிக்காமல் இருக்க ஆன்டிபயாட்டிக் என்று நீங்களாக வாங்குவதும் வேண்டாம், பல ஆன்டிபயாட்டிக்குகள் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். எங்காவது கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் உங்களுக்கு ஆகாது, அங்கே உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். பத்தியம் எதுவும் இல்லை, கத்தரிக்காயும் கருவாடும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் ரத்தம் ஊறட்டும் என்று அத்தை தினம் முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொடுத்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். கீரையை வழக்கமாகச் சாப்பிடும் அளவிலேயே சாப்பிடுங்கள். திடீரென்று கூட்டினால் மாத்திரையின் வேலை குறையும்.

இரண்டு, மூன்று நாள் தண்ணீர்க் குடம், துணி மூட்டை தூக்க வேண்டாம். கொக்கி கட்டுவது, ஹெம்மிங் போன்ற கைவேலையை அடுத்த நாளே செய்யலாம். மெஷினில் உட்காருவதை வலி விட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நீலமும் பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறி ரத்தக்கட்டு கீழ்நோக்கி இறங்கும். உங்களுக்கு அது மறைய மூன்று வாரம்கூட ஆகலாம். உள்ளே கெட்டியாக ஒரு உருண்டை சில வாரம் தட்டுப்படலாம், அது உறைந்த ரத்தம். ஆனால் 20 நிமிடம் அழுத்தியும் கசிவு நிற்காவிட்டால், மார்பு நேரம் ஆக ஆக வீங்கி இறுகினால், தலைசுற்றினால், காய்ச்சலோ சீழோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் தளர்ச்சி, அல்லது நீங்கள் பழகிய வால்வின் 'டிக்' சத்தம் மங்கியது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகலாம், கூடுதல் சோதனை தேவைப்பட்டால் இன்னும் சில நாள். அதைக் கடையில் உட்கார்ந்து தனியாகப் பிரித்துப் படிக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். சாதாரணக் கட்டி என்று வந்தாலும் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: “ஸ்கேனில் பார்த்ததும் இந்த ரிப்போர்ட்டும் ஒத்துப்போகிறதா?” ஒத்துப்போனால் பொதுவாக ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் சொல்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும், அதற்காக முதல் முறை தவறாகச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். செல்கள் சற்று மாறியிருக்கின்றன, புற்று இல்லை என்று நடுவாந்தரமாகவும் சிலருக்கு வரும், அப்போதுதான் கட்டியை எடுக்கும் பேச்சு நியாயமாகிறது. நோய் என்று வந்து இன்னொரு டாக்டரின் கருத்தும் வேண்டும் என்று தோன்றினால், ரிப்போர்ட் நகலோடு, எடுத்த சதையை வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எழுதிக் கேட்டால் மருத்துவப் பதிவுகளின் நகலை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி.

மகளிடம் சொல்லலாமா, நாளைக்கு அவளுக்கு வரன் பார்க்கும்போது இது பேச்சாகுமே என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கட்டியைச் சோதித்துப் பார்த்த தாயின் மகளுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. நோய் என்றே வந்தாலும் மார்புப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். அப்படி இருந்தால் அது அவளுக்கும் தெரிந்திருப்பதுதான் அவளுக்கு நல்லது. பிளஸ் டூ படிக்கும் பெண் ஓ.பி. சீட்டைப் படித்துக் காட்டவும், அடுத்த இரண்டு நாள் குடம் தூக்கவும் போதும். சொல்லிவிடுங்கள்.

தேதிக்குப் போகாததால் டாக்டர் திட்டுவாரோ என்றும் பயப்படுகிறீர்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கொண்டு, அந்தச் சீட்டோடு போய்ப் புதுத் தேதி கேளுங்கள். அதுவரை மாத்திரை வழக்கம்போல.